பதினேழாம் தூண் வலிக்கவில்லை

தில்லைநாயகிக்கு இடது முட்டி வலிக்காமல் போய் ஏழு மாதம் ஆகிறது. ஒன்பது வருஷமாக விடாமல் வலித்த முட்டி. வேறு யாராக இருந்தாலும் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஏனென்றால் அந்த முட்டி அவளுடையது மட்டும் இல்லை. அது ஆம்பல் அடுக்ககத்தின் பதினேழாம் தூணும்கூட.

இது புரியவேண்டும் என்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அடுக்குமாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிந்து உட்கார்ந்துபோன ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு, எல்லாக் கட்டடத்திலும் தூணுக்குத் தூண் சென்சார் பதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பதித்தார்கள். அவை நாள் முழுக்கக் கத்தின. லாரி போனால் கத்தின, வெயில் ஏறினால் கத்தின, மாடியில் யாராவது கயிறு தாண்டினால் கத்தின. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குடியிருப்போர் சங்கங்களே மணியைப் பிடுங்கிப் போட்டன. அடுத்த மழையில் இன்னும் இரண்டு கட்டடம் உட்கார்ந்தது. அப்போதுதான் யாரோ ஒரு மகராசனுக்குத் தோன்றியது. எது தினப்படி வலி, எது விபரீதமான வலி என்று இயந்திரத்துக்குத்தான் தெரியாது, மனுஷ உடம்புக்குத் தெரியும். தூண்கள் சொல்வதை ஒரு ஆளின் தண்டுவடத்துக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. பிடரிக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு பொத்தான், அவ்வளவுதான். எட்டு மாடிக்கு மேல் எழும்புகிற எந்தக் கட்டடத்துக்கும் அப்படி ஒரு ஆள் கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. சர்க்கார் காகிதத்தில் அந்த வேலைக்குக் 'கட்டட உணர்வாளர்' என்று பெயர். ஜனங்கள் வைத்த பெயர் உடம்புக்காரர். பெண் என்றால் உடம்புக்காரி.

ஆம்பல், கழுவெளிச் சதுப்பைத் தூர்த்துக் கட்டினது. பன்னிரண்டு மாடி, தொண்ணூற்றாறு வீடு, இருபத்துநாலு தூண். பொத்தான் வைத்தபிறகு எந்தத் தூண் உடம்பில் எங்கே போய் உட்காரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லமுடியாது. தில்லைக்குப் பதினாறாம் தூண் இடுப்பில் உட்கார்ந்தது, பதினெட்டு வலது தோளில். இரண்டுக்கும் நடுவே நிற்கிற பதினேழு இடது முட்டியைப் பிடித்துக்கொண்டது. அதற்கு நேர் மேலே மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி. காலையில் பம்பு போட்டால் தொட்டி நிறைவதை முட்டியே சொல்லிவிடும்.

அங்கே குடியிருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கனமாக எது வந்தாலும், கீழே அவளுடைய குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் மேலே ஏற்றுவார்கள். "அக்கா, எட்டாவது மாடிக்கு பீரோ வருது." "அக்கா, சாயங்காலம் பாப்பாவுக்குப் பொறந்தநாள். முப்பது பேர் வருவாங்க, கொஞ்சம் ஆடுவாங்க." அவளும் தலையாட்டிவிட்டுக் கையில் இருப்பதைக் கீழே வைத்து உட்கார்ந்துகொள்வாள். சொல்லாமல் ஏற்றினால் குழம்புச் சட்டி நழுவும். புதிதாகக் குடிவந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரே மாதத்தில் அவர்களே அரிசி மூட்டைக்குக்கூட வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

பொத்தானின் வீச்சு வாசல் வளைவு வரைக்கும்தான். வளைவைத் தாண்டிவிட்டால் உடம்பு திரும்பவும் சொந்த உடம்பு. இது என் வலியா, கட்டடத்தின் வலியா என்று சந்தேகம் வந்தால் உடம்புக்காரர்கள் எல்லாரும் செய்வது ஒன்றுதான். எழுந்து வளைவுக்கு வெளியே போய் நிற்பார்கள். வலி நின்றால் கட்டடத்தைப் பார்க்க இன்ஜினீயரைக் கூப்பிடவேண்டும், நிற்காவிட்டால் டாக்டரிடம் போகவேண்டும்.

அவள் புருஷன் ஏகாம்பரம் அதே கட்டடத்துக்கு எலக்ட்ரீஷியன். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலையில் அப்படி ஒரு சுத்தம். ஒயரில் டேப் சுற்றினால் கடைசி நுனியை ஒரு மடிப்பு மடித்து நீட்டிவிடுவார், சின்னக் காது மாதிரி. எதுக்கு இந்த வேலை என்று கேட்டால், "அடுத்து வர்றவன் நகத்தால சுரண்டிக்கிட்டு நிப்பான், பாவம்" என்பார். வீட்டில் மிக்ஸி ஒயர், இஸ்திரிப் பெட்டி ஒயர் எல்லாவற்றிலும் அந்தக் காது இருக்கும்.

சாயங்காலமானால் அவள் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதும் அவர்தான்.

"தூணு வலிக்கறதுக்கு எனக்கு எண்ணெய் தேய்ச்சு என்னங்க ஆகப்போகுது? விடுங்க" என்பாள் அவள்.

"பன்னெண்டு மாடியையும் தூக்கி உன் ஒத்தக் கால்ல வெச்சுட்டானுங்க. இரு, இதுக்கு நான் ஒரு வழி பண்றேன்."

ஒன்பது வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வண்டி நிறுத்துமிடத்தில் சின்ன வேலை இருக்கிறது என்று போனவர் அரைமணியில் திரும்பி வந்தார். முகமெல்லாம் வேர்வை. அடுப்பங்கரை வாசலில் நின்று, "முட்டி எப்படி இருக்கு தில்லை?" என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். நாலாம் நாள் காலையில் முடிந்துவிட்டது. அத்தனை நாளும் தில்லை வளைவுக்கு வெளியேதான் இருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து வீட்டில் தனியாக உட்கார்ந்தபோதுதான் கவனித்தாள், முட்டி வலிக்கவில்லை. முட்டி மட்டுமா? காபி சுடவில்லை, சாப்பாட்டில் உப்பு தெரியவில்லை. சொந்தக்காரப் பெண்கள் கட்டிக்கொண்டு அழுதபோது அவர்கள் தோளுக்கு மேலே தெரிந்த சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, அதை நினைத்து வெட்கமாக இருந்தது. மற்றத் தூண்கள்கூட எங்கோ அடுத்த தெருவில் பேசுகிற மாதிரி இருந்தன. எல்லாம் மரத்துப்போனதோடு முட்டியும் மரத்துப்போயிற்று என்று எடுத்துக்கொண்டாள்.

இதைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பக்கத்து அடுக்ககத்து உடம்புக்காரர் சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போனதை வெள்ளந்தியாகச் சொல்லப்போய், பொத்தானை எடுத்துவிட்டுப் பதினைந்து நாளில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னதை அவள் பார்த்திருந்தாள். அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அதனால் தினமும் காலையில் போனில் வருகிற படிவத்தில் பதினேழுக்கு நேரே 'வழக்கம்போல்' என்று அமுக்கினாள். இருநூறு தடவைக்கு மேல் அமுக்கியிருப்பாள்.

ஏகாம்பரத்தின் தங்கை கோமளா, பதினாறாம் நாள் காரியத்துக்குச் செய்யாற்றிலிருந்து வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். வருஷம் திரும்புகிறவரைக்கும் அண்ணி வாசலைத் தாண்டக்கூடாது, அதுதான் முறை என்று அவளே சொன்னாள். ரேஷன், மார்க்கெட், வாரிசு சர்டிபிகேட்டுக்குத் தாலுகா ஆபீஸ் என்று எல்லா அலைச்சலையும் அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள். தில்லை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வளைவைத் தாண்டாமலே ஏழு மாதம் ஓடிற்று.

அப்படி இருக்கையில் ஒரு புதன்கிழமை, இன்ஜினீயர் பியூலா வந்தாள். உடம்புக்காரர்களைச் சோதிக்கிற வாரியத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவள், முப்பத்தைந்து வயசு இருக்கும், எதையும் இரண்டு தடவை கேட்பாள். கூடவே சங்கத்துச் செயலாளர் ராமபத்ரன். மொட்டைமாடியில் பழைய தொட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெரிய தொட்டி வைத்தாயிற்று. அதில் தண்ணீர் ஏற்ற உடம்புக்காரியின் கையெழுத்து வேண்டும்.

பியூலா தில்லையின் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு விரல் நுனிகளில் ஊசி தொட்டுப் பார்த்தாள். உடம்புக்காரருக்குச் சொரணை இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. தில்லைக்கு ஊசி தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. ஆனால் பியூலா கையை நீட்டும்போதெல்லாம் அவள் கண்ணாடி வளையல்கள் கிணுங்கின. கிணுங்கும்போதெல்லாம் தில்லை "ம்" என்றாள்.

"பதினேழு எப்படி இருக்கு?"

"எப்பவும் போலத்தான் மேடம்."

"இடுப்புல பிடிப்புன்னு நாலு மாசமா எழுதியிருக்கீங்க. தோள்லயும். அது பதினாறும் பதினெட்டுமா, இல்ல உங்க உடம்பா?"

"என் உடம்புதான். அவர் போனதிலேர்ந்து தரையில பாய் போட்டுப் படுக்கறேன்ல."

"வளைவுக்கு வெளியே போய்ப் பார்த்தீங்களா?"

தில்லை கண்ணில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். "பார்த்தேன்" என்றாள்.

ராமபத்ரன் பேனாவை நீட்டினார். "தில்லைம்மா சரின்னா சரிதான் மேடம். ஒன்பது வருஷத்துல ஒரு தடவை தப்பாச் சொன்னதில்ல." அவள் கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தேங்காய் உடைத்துத் தண்ணீர் விடுவதாக முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை கோமளா விழுந்துவிட்டாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள், அடுப்பங்கரை நடுவில் குடத்தோடு அப்படியே சரிந்தாள். தில்லை தூக்கிச் சுவரோரமாகச் சாய்த்து உட்காரவைத்தாள். தொட்டதில் கோமளா இளைத்திருப்பது தெரிந்தது. அடுத்த அறையிலேயே ஏழு மாதமாக இருந்தவள் இவ்வளவு இளைத்ததை எப்படிப் பார்க்காமல் போனோம் என்று தில்லைக்கு விளங்கவில்லை.

"பிரஷர் மாத்திரை தீர்ந்து நாலு நாளாச்சு" என்றாள் கோமளா. "வாங்கப் போக நேரமில்ல."

"சொல்லியிருக்கலாமே."

"யாருகிட்ட?" கோமளாவின் குரலில் கோபம் இல்லை. களைத்துப்போய்ப் பேசினாள். "வர்றவங்க போறவங்க எல்லாம் உங்களைத்தான் சொல்றாங்க அண்ணி, எப்படித் தாங்கறா பாருன்னு. நீங்க நிக்கறீங்க, அவ்வளவுதான். தாங்கறது நான். எங்க அண்ணனுக்காக நான் இன்னும் ஒரு நாள் உக்காந்து அழுகல. எங்கே அழ, உலை கொதிக்குது."

தில்லை எழுந்தாள். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். "வருஷம் திரும்பலையே அண்ணி" என்று கோமளா சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

மருந்துக்கடை வளைவுக்கு எதிர்ச்சாரியில். வளைவின் நிழலைத் தாண்டி ரோட்டில் கால் வைத்ததும் இடுப்பு வலி நின்றுவிட்டது. தோளும் நின்றது. விளக்கை அணைத்தது போல. தில்லை அப்படியே நின்றாள். ஓரடி பின்னால் வைத்தாள், இடுப்பு கடுத்தது. ஓரடி முன்னால் வைத்தாள், ஒன்றும் இல்லை. பாயும் இல்லை தரையும் இல்லை. நாலு மாதமாகப் பதினாறும் பதினெட்டும் கத்திக்கொண்டிருந்திருக்கின்றன. அவள்தான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பதறித் திரும்பியதில், வண்டிகளை மறிக்க வளைவோரம் நட்டிருந்த சிமெண்டுக் கட்டையில் இடது முட்டி போய் மோதியது. கண்ணில் பொறி பறந்தது. "அம்மா" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். குனிந்தவளுக்கு வலியைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. மரத்துப்போன முட்டி இப்படியா வலிக்கும்? முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. அவள் முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. பேசாமல் போனது பதினேழாம் தூண். அது பேசாமல் நிற்க, அதன் இரண்டு பக்கத்துத் தூணும் வலியில் துடிக்கின்றன.

உள்ளே பம்பு அறைப் பக்கமிருந்து மணிச் சத்தம் கேட்டது. ராமபத்ரன் புதுத் தொட்டிக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்.

வளைவுக்குள் ஓடிவந்தபோது இடுப்பில் பாறாங்கல்லை இறக்கிய மாதிரி இருந்தது. தொட்டி நிறைய ஆரம்பித்திருக்கிறது. முட்டியில் தெரியவேண்டியது இடுப்பில் தெரிந்தது. பம்பு அறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு, "பம்பை நிறுத்துங்க சார்" என்றாள். "ரெண்டு தொட்டித் தண்ணியையும் திறந்து விடுங்க. எல்லாரையும் கீழே இறக்கணும்."

ராமபத்ரன் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். "புதன்கிழமைதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"பொய் போட்டேன்."

"தில்லைம்மா..."

"ஏழு மாசமா பதினேழு எனக்குத் தெரியல சார். அவர் போனதுல மரத்துப்போச்சுன்னு நினைச்சேன். வீடு போயிடும்னு சொல்லல. ஊசி சோதனையிலயும் பொய்தான். என்னை அப்புறம் என்ன வேணா பண்ணிக்கோங்க, முதல்ல நிறுத்துங்க."

அவர் பம்பை நிறுத்தினார். தொண்ணூற்றாறு வீட்டையும் என்ன சொல்லி இறக்குவது, இடிந்துவிழும் என்றால் மாடிப்படியில் மிதிபட்டே நாலு பேர் போவார்களே என்றார். தில்லை இன்டர்காமை வாங்கி, எல்லா வீட்டுக்குமான ஸ்விட்சை அமுக்கினாள்.

"தில்லை பேசறேன். எனக்கு உடம்பு சரியில்ல. எல்லாரும் மெதுவா இறங்கி வாங்க. லிஃப்ட் வேண்டாம், படியில வாங்க. வயசானவங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஒன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து இந்தப் பேச்சு வந்ததே இல்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, யாரும் ஓடவுமில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு, நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். தில்லை வளைவுக்கு உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே போய் உட்காரச் சொன்னபோது மறுத்துவிட்டாள். அவள் வெளியே போனால் கட்டடத்துக்கு வாய் போய்விடும். மொட்டைமாடியிலிருந்து தண்ணீர் மழைக்குழாய் வழியே கொட்டக் கொட்ட இடுப்பு தளர்ந்தது. ஒவ்வொரு மாடியாகக் காலியாவது தோளில் தெரிந்தது. பன்னிரண்டு காலியாயிற்று, பதினொன்று, பத்து. ஆறாவது மாடியில் மட்டும் ஏதோ மிச்சம் இருந்தது. "ஆறுல யாரோ இருக்காங்க" என்றாள். போய்ப் பார்த்தால், காது கேட்காத ஒரு பெரியவர் குளித்துக்கொண்டிருந்தார்.

ராமபத்ரன் போன் செய்து பியூலா வந்துசேர்ந்தபோது எல்லாரும் எதிரே பள்ளிக்கூட மைதானத்தில் நின்றிருந்தார்கள். அவள் தில்லையைத் திட்டவில்லை. இரண்டு ஆட்களை வைத்துப் பதினேழாம் தூணுக்கு அழகுக்காக ஒட்டியிருந்த கிரானைட் பலகையைப் பெயர்க்கச் சொன்னாள். பலகை வந்ததும் ராமபத்ரன் வாயைப் பொத்திக்கொண்டார். தூணின் அடியில் கான்கிரீட் பொரிந்து கொட்டிப்போய், கம்பிகள் துருவேறி வெளியே தெரிந்தன. கழுவெளித் தண்ணீர் பலகைக்குப் பின்னாலேயே ஏறி, யார் கண்ணிலும் படாமல் தின்றிருந்தது.

"அப்போ இவ்வளவு பாரமும் எங்கே போச்சு?" என்று கேட்டார் ராமபத்ரன்.

"எங்கேயும் போகாது சார். ஒரு தூண் தளர்ந்தா அதோட பாரம் உத்திரம் வழியா பக்கத்துத் தூணுக்குப் போயிடும். அது பாட்டுக்கு வாங்கிக்கும், தன்னால முடியற வரைக்கும். புதுத் தொட்டி நிறைஞ்சிருந்தா முடிஞ்சிருக்காது. பதினாறு போயிருக்கும், அப்புறம் பதினெட்டு, அப்புறம் எல்லாம்."

"அப்போ இந்தத் தூணு சும்மாதான் நிக்குதா மேடம்?" என்று கேட்டாள் தில்லை.

பியூலா டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தாள். "இல்லக்கா. பாதியை விட்டிருக்கு. மீதியை இன்னும் பிடிச்சுக்கிட்டுதான் நிக்குது. இந்த நிலைமையில இருக்கிற தூண் உங்க முட்டியில சும்மா இருந்திருக்கவே முடியாது. நாலு மாசம் முன்னாடியே நீங்க கத்தியிருக்கணும். அதுதான் எனக்குப் புரியல."

முட்டுக் கொடுத்து முடிக்கச் சாயங்காலம் நாலு மணி ஆயிற்று. பதினேழைச் சுற்றி இரும்புக் குழாய்கள் உத்திரத்துக்கு அண்டை கொடுத்து நின்றன, அடியில் ஜாக்கிகள். அதற்கப்புறம்தான் பியூலா தூணின் பின்பக்கம் இருந்த சென்சார் பெட்டியைத் திறந்தாள். திறந்தவள், "இங்கே வாங்க" என்றாள்.

"ஒயரை வெட்டியிருக்காங்க. தானா அறுந்தது இல்ல. வெட்டி, ரெண்டு முனைக்கும் டேப் சுத்தியிருக்காங்க. சிக்னலே வரலைன்னா மெஷினுக்கு அது அமைதின்னுதான் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை நாங்க ஒவ்வொரு தூணா தட்டிப் பார்க்கிறது அடுத்த மாசம்தான். யாரு பண்ணியிருப்பாங்க?"

தில்லை எட்டிப் பார்த்தாள். கறுப்பு டேப். நெருக்கமாக, ஒரு சுற்று பிசகாமல் சுற்றியிருந்தது. இரண்டு முனையிலும் நுனி ஒரு மடிப்பு மடித்து, சின்னக் காதாக நீட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். ஏழு மாதத்தில் முதல் தடவையாக வந்த கோபம். தொண்ணூற்றாறு வீடு, அத்தனை பிள்ளைகுட்டி, உங்களுக்கு என் முட்டிதான் பெரிதாகப் போயிற்றா என்று அந்த மனுஷனின் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது. உலுக்குவதற்கு அவர் இல்லை என்பதும் அப்போதுதான், முதல் தடவையாக, உறைத்தது. செவ்வாய்க்கிழமை காலை சின்ன வேலை என்று போனது இதற்குத்தான். ஒரு நாளோ இரண்டு நாளோ ஓய்வு கொடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருப்பார். இல்லாவிட்டால் காது மடித்துவைக்கமாட்டார். திரும்பி வந்து, பலித்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார்.

"ஏகாம்பரம்" என்றாள். "என் வீட்டுக்காரர்."

பியூலா டார்ச்சை அணைத்தாள். "இதை நான் எழுதணும்க்கா. எழுதினா அவர் பேரு கெடும். உங்க வேலையும் போயிடும்."

"எழுதுங்க மேடம். நான் எழுதின பொய்யையும் சேர்த்தே எழுதுங்க. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே பெட்டியைத் திறந்திருப்பீங்க."

மைதானத்தில் யாரோ பெரிய டிரம்மில் டீ கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கோமளா, யாரோ வாங்கிக் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சொல்லியும் கேட்காமல், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்துவிட்டாள். பெட்டிக்குள் பார்த்தாள். அவளுக்கும் அந்தக் காது தெரியும். அவள் தில்லையின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஜாக்கியை எவ்வளவு ஏத்தறதுன்னு தெரியணும்" என்றாள் பியூலா. "ரொம்ப ஏத்தினாலும் உத்திரம் விரிசல் விடும். நான் கணக்குப் போட்டே பார்த்துக்கறேன். நீங்க வேணா வளைவுக்கு வெளியே போயிடுங்க."

"என் முட்டி சொல்லுமே மேடம்."

"ஒயரைச் சேர்த்தா பழைய வலி மாதிரி இருக்காதுக்கா. தூண் இருக்கிற இருப்பு அப்படி."

"தெரியும். நானே பிரிக்கறேன்."

நாற்காலியைத் தூணோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காதைப் பிடித்து இழுத்தாள். நகம் வைக்கவே வேண்டியிருக்கவில்லை, டேப் முழுசாகச் சுருண்டு வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. அடுத்து வருகிறவனுக்குக் கஷ்டமாக இருக்கக்கூடாது என்று அவர் மடித்து வைத்தது. இரண்டு டேப்பையும் உருட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள். பியூலா இரண்டு செம்புக் கம்பிகளையும் சேர்த்து முறுக்கினாள்.

வலி வந்தது. பாதத்திலிருந்து தொடைவரைக்கும் எலும்பைப் பிளந்துகொண்டு ஏறியது. தில்லை நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். உதடு கோணிற்று. கோமளா குனிந்து, "என்ன அண்ணி, எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

தில்லை அவளைப் பார்க்கவில்லை. எதிரே, யாரும் இல்லாத இடத்தில், அன்றைக்கு அடுப்பங்கரை வாசலில் அவர் நின்ற உயரத்துக்குப் பார்த்தாள்.

"வலிக்குதுங்க" என்றாள். "ரொம்ப வலிக்குது."

அந்தப் பதில் தனக்கு இல்லை என்று கோமளாவுக்குப் புரிந்தது. ஜாக்கியின் பிடியைப் பியூலா மெல்லத் திருக ஆரம்பித்தாள். தில்லையின் கன்னத்தில் கண்ணீர் வழிந்து கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை. கோமளா அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து, அந்த முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு, தன் அண்ணனுக்காக அழத் தொடங்கினாள்.